காலநிலைக்காக நிற்கும் வேட்பாளருக்கு ஆதரவு கொடுப்பது எப்படி?

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அந்தச் செய்திகள் வர ஆரம்பித்துவிடும். இன்ன சங்கம் இன்ன கட்சிக்கு ஆதரவு என்று இரண்டு பத்தி, கூடவே வேட்பாளருக்குச் சால்வை போடும் படம். வணிகர் சங்கம், விசைத்தறியாளர் சங்கம், சாதிச் சங்கம், விவசாயிகள் சங்கம் என்று கோவையிலிருந்து கரூர் வரைக்கும் ஆதரவு அறிவிக்காத சங்கம் குறைவு. ஆனால் 'காலநிலை விஷயத்தில் இவர் உறுதியாக இருக்கிறார், அதனால் இவரை ஆதரிக்கிறோம்' என்று ஒரு சங்கம் சொல்லி நம் பக்கத்தில் படிப்பது அபூர்வம். வேறு சில நாடுகளில் இது பல காலமாக நடக்கிறது. இங்கேயும் நடக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அது என்ன, எப்படிச் செய்வது, சட்டம் எங்கே குறுக்கே நிற்கிறது என்பதை முதல் தடவை கேட்பவருக்கும் புரியும்படி சொல்கிறேன்.

ஓட்டு ரகசியமானது; ஆதரவு பகிரங்கமானது. ஓர் அமைப்போ, ஊரில் நாலு பேர் மதிக்கும் ஒருவரோ தன் பேரைப் போட்டு, 'இவர் தகுதியானவர், காரணம் இது' என்று எல்லோரும் கேட்கச் சொல்வதுதான் ஆதரவு. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதைப் போலத்தான் இதுவும். வாங்கியவர் கட்டவில்லை என்றால் கையெழுத்துப் போட்டவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அதனால் என்ன வாக்குறுதிக்காக, எந்தப் பதவிக்காக, எத்தனை நாளைக்குள் என்பதெல்லாம் எழுத்தில் இல்லாமல் யாருக்கும் ஆதரவு கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் அதன் விளக்கம்தான்.

நம் பக்கத்துக்குக் காலநிலை ஏன் தேர்தல் விஷயம்? 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புழுதிதான் வந்தது என்ற பேச்சைப் பல்லடம், காங்கேயம் பக்கம் இன்றும் கேட்கலாம். 2024 ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் பட்டியலில் தமிழ்நாடு அரசு சேர்த்தது. ஒரு வருடத்து வறட்சியை மட்டும் காட்டி 'இதுதான் காலநிலை மாற்றம்' என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பூமி சூடாகச் சூடாக வெயிலின் கடுமை கூடும், மழை பெய்யும் விதமும் தாறுமாறாகும் என்பதில் அறிவியலுக்குச் சந்தேகம் இல்லை. நீரை நம்பி விவசாயமும், மின்சாரத்தை நம்பி தறியும் பனியனும் ஓடும் ஊருக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம்.

காலநிலை நடவடிக்கை என்பதில் இரண்டு பக்கம் உண்டு. நிலக்கரி, டீசல் புகையைக் குறைப்பது ஒன்று. மேட்டூர் அனல் மின் நிலையத்தின் மின்சாரத்துக்குப் பதில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றின் மின்சாரத்தை அதிகம் பயன்படுத்துவது அந்த வகை. ஏற்கெனவே வந்துவிட்ட வெயிலுக்கும் வறட்சிக்கும் ஊரைத் தயார் செய்வது மற்றொன்று. குளம், குட்டை, நிழல், வெயில் நேரத்தில் கட்டட வேலைக்கு ஓய்வு, எல்லாம் இதில் வரும். ஒரு வேட்பாளர் 'மரம் நடுவோம்' என்பதோடு நிறுத்திக்கொண்டால் அவர் இந்த இரண்டு பக்கத்தையும் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தேதியும் பணமும் செய்யப்போகும் துறையும் சேர்ந்து வரும் வாக்குறுதியைத்தான் உறுதியானது என்று சொல்ல முடியும்.

வேட்பாளரை மடக்கிக் கேட்கும் பழக்கம் கொங்கு விவசாயிகளுக்குப் புதிதில்லை. 1972-இல் மின் கட்டணத்துக்காக நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைச் சாலைகளை மாட்டு வண்டிகளால் நிறைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் நடந்தது இன்னும் பெரிது. தங்கள் கோரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டி. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்ற வேட்பாளருக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது, சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றானது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆயிரம் பேர் நிற்பதைவிட, நிற்கும் நாலு பேரிடம் எழுதி வாங்கும் வழியில் பலன் அதிகம் என்று நினைக்கிறேன்.

வெளியில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் 'லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ்' என்ற அமைப்பு 1970-இலிருந்து இயங்குகிறது. அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் சுற்றுச்சூழல் மசோதாக்களில் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. தேர்தலில் யாருக்கு ஆதரவு என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் 2019-இல் ஜாலி ஸ்டெகால் என்ற சுயேச்சை காலநிலையை முன்வைத்து நின்று, முன்னாள் பிரதமர் டோனி அபட்டை அவருடைய சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்தார். 2022-இல் அதே வழியில் மேலும் ஆறு சுயேச்சைகள் நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் புதிதாகப் போனார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் தொகுதிக் குழு அமைத்து, வேட்பாளரைத் தேடி, வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டினார்கள். அதே ஆண்டில், 2030-க்குள் 2005 அளவிலிருந்து 43 சதவீதம் புகையைக் குறைக்கும் இலக்கு அங்கே சட்டமானது.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. காரணம் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சி கொறடா உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டால் எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ பதவியையே இழக்கலாம். எனவே எந்த மசோதாவில் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது அவரைப் பற்றிச் சொல்வதைவிட அவர் கட்சியைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். நாம் பார்க்க வேண்டியவை வேறு. அவையில் என்ன கேள்வி கேட்டார், துறைவாரியாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் எதைப் பற்றிப் பேசினார், தொகுதி நிதியை எதற்குக் கொடுத்தார், ஆட்சியர் அலுவலகத்துக்கு எந்த மனுவோடு போனார். இதிலெல்லாம் கொறடா உத்தரவு குறுக்கிடுவதில்லை.

இன்னொரு பெரிய குழப்பம், யாரிடம் எதைக் கேட்பது என்பது. கவுன்சிலர் வேட்பாளரிடம் போய் அனல் மின் நிலையத்தை மூடச் சொல்லிக் கேட்பதும், எம்.பி. வேட்பாளரிடம் தெருக்குப்பையைப் பற்றிக் கேட்பதும் வீண். கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. மட்கும் குப்பை குவியலாகக் கிடந்தால் மீத்தேன் வாயு கிளம்பும். கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைப்பது அது. குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்குவது, வார்டுக்கு ஓர் உரக்கூடம் வைப்பது, குளத்தில் சாக்கடை கலக்காமல் பார்ப்பது எல்லாம் மாநகராட்சி வேலை. அதை மேயரிடமும் கவுன்சிலரிடமும்தான் கேட்க வேண்டும்.

கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. அதனால் தனி ஆளைப் பார்த்து ஆதரவு கொடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் போக வழி செய்து 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அறுபது வருடக் கோரிக்கை அது. ஆனால் தண்ணீர் வந்து சேரும் குட்டையில் சீமைக்கருவேலம் மண்டாமல் காப்பதும், வரத்து வாய்க்காலை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பதும் ஊராட்சித் தலைவர் மனது வைத்தால்தான் நடக்கும்.

நீர், விவசாயம், பேருந்து எல்லாம் மாநிலத்தின் கையில். மின்சாரம் பொதுப்பட்டியலில் இருந்தாலும் விநியோகம் மாநில அரசின் மின் நிறுவனத்திடம்தான். எனவே எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் கேட்க நிறைய இருக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் 1990-களில் நட்ட சின்னக் காற்றாலைகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரியவற்றை வைத்தால் அதே காற்றில் பல மடங்கு மின்சாரம் கிடைக்கும். அதற்கென மாநில அரசு 2024-இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று சட்டமன்றத்தில் கேட்பாரா? ஆலைக் கூரையில் சோலார் போட்டவர்களிடம் மின் கம்பித் தடத்தைப் பயன்படுத்துவதற்காக வாங்கும் நெட்வொர்க் கட்டணத்தைப் பற்றிக் கோவை, திருப்பூர் சிறுதொழில்காரர்கள் பல வருடமாக முறையிடுகிறார்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுக் கருத்துக் கேட்கும்போது போய்ப் பேசுவாரா? நிலக்கரி, ரயில், 2070-க்குள் நிகர பூஜ்ஜியம் (வெளியிடும் புகையும் உறிஞ்சி எடுக்கும் புகையும் சமமாவது) என்ற இந்தியாவின் இலக்கு, அதற்கான பணம், இவை டெல்லி விவகாரம். எம்.பி. வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். 'சுற்றுச்சூழலைக் காப்பீர்களா?' என்று கேட்டால், 'கண்டிப்பாங்க, நம்மளே விவசாயக் குடும்பந்தானுங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். 'எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருசத்துக்கு மூணு கோடி ரூபாய்ங்க. முதல் ரெண்டு வருசத்துல அதுல எத்தனை பங்கு குளம், குட்டைக்கு, எந்தெந்த ஊருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார். 'பார்த்துச் செய்யலாமுங்க' என்பார். 'அதையே எழுதிக் குடுத்துருங்க' என்று தாளை நீட்ட வேண்டிய இடம் அதுதான். நாலைந்து கேள்வி போதும். எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விகள், ஒரே கடைசித் தேதி. பதில் தராதவர் பேருக்கு நேரே 'பதில் தரவில்லை' என்று வெளியிட்டுவிட வேண்டும்.

சரி, பதில்கள் வந்துவிட்டன, யார் சொன்னது நல்லது என்று முடிவு செய்வது சுலபமா? சுலபமில்லை. நம் பக்கத்திலேயே மூன்று சிக்கல்கள் கண்முன் இருக்கின்றன. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வீணாகாமல் கடைமடைக்குப் போகும் என்று ஒரு சாரார் வேண்டும் என்கிறார்கள். கசிவுநீரை நம்பித்தான் எங்கள் கிணறுகள் இருக்கின்றன, வாய்க்கால் ஓரத்து மரங்களும் போய்விடும் என்று இன்னொரு சாரார் வேண்டாம் என்கிறார்கள். இருவருமே விவசாயிகள், இருவருமே தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அப்புறம் உயர்மின் கோபுரங்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் பக்கத்துப் புகளூர் வரை 800 கிலோவோல்ட் மின்தடம் வந்தபோது, 2018 டிசம்பரில் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். நம் காற்றாலை மின்சாரம் உபரியாக இருக்கும்போது வடக்கே போகவும் இப்படிப்பட்ட தடங்கள் வேண்டும். அதற்காகத் தோட்டத்தின் நடுவில் கோபுரத்தை நட்டுவிட்டு நிலத்தின் மதிப்பைப் போக்குவது நியாயமா? புகளூரிலிருந்து திருச்சூர் போகும் தடத்தில் கேரளத்துப் பக்கம் ஒரு பகுதி மண்ணுக்கடியில் கேபிளாகப் போகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் வேட்பாளரை நான் மதிப்பேன்.

மூன்றாவது, கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் போனால் சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் நாலைந்து காங்கேயம் மாடுகள் மேய்வதைப் பார்க்கலாம். நாலு மழை பெய்தால் தளிர்த்துவிடும். வறட்சியைத் தாங்குவதற்கு நம் முன்னோர் கண்டுவைத்த ஏற்பாடு அது. சோலார் பூங்காவுக்கு நிலம் தேடி வருகிறவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் தரிசாகத் தெரியும். ஆகவே 'சோலாரை ஆதரிக்கிறீர்களா?' என்று மட்டும் கேட்டு மதிப்பெண் போடும் பட்டியல் எங்கள் ஊருக்கு ஒத்துவராது. சோலாரை முதலில் எங்கே வைப்பீர்கள், ஆலைக் கூரையிலா, வீட்டு மாடியிலா, கொறங்காட்டிலா என்று கேட்க வேண்டும். இது மாதிரிக் கேள்விகளை உள்ளூர்க்காரர்கள்தான் எழுத முடியும். சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வரும் படிவத்தில் கொறங்காடு இருக்காது.

சொன்னதைப் பார்த்தாகிவிட்டது, செய்ததையும் பார்க்க வேண்டும். வேட்பாளர் மனுவோடு கொடுக்கும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாருக்கும் கிடைக்கும். அவருக்கும் துணைவருக்கும் என்ன சொத்து, எந்த நிறுவனத்தில் பங்கு, வருமானம் எதிலிருந்து வருகிறது, என்ன வழக்கு என்று அதில் இருக்கும். 'மலையைக் காப்பேன்' என்று பேசுபவரின் பத்திரத்தில் கல்குவாரி இருந்தால் கேட்டுவிட வேண்டியதுதான். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் இன்னும் வசதி. நொய்யலில் சாயக்கழிவு ஓடி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவு தேங்கும் இடமாகிப்போன வருடங்களில் யார் என்ன பேசினார்கள் என்பது பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அந்த ஆலைகளை நம்பிப் பிழைத்த தொழிலாளர்கள் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். முன்கூட்டியே திட்டமிட்டு, ஆலைக்கும் தொழிலாளிக்கும் மாற்று வழி காட்டியிருக்க வேண்டியது சட்டமன்றமும் அரசும். ஆறும் பிழைக்க வேண்டும், பிழைப்பும் நடக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பேசியவர் யாராவது இன்று நிற்கிறார் என்றால், அவருக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதரவு அறிவிப்பது குற்றமில்லை. ஆனால் வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்து கூட்டமோ விளம்பரமோ போட்டால் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 176-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம். அனுமதி பெற்றுச் செய்தால் அந்தச் செலவு அவர் கணக்கில் ஏறும். சட்டமன்றத்துக்கு 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம் என்பது 2022-இல் வைத்த உச்சவரம்பு. துண்டறிக்கை அடித்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் இருக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் கூடாது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு அந்தப் பணத்தை இதற்குத் தொடக் கூடாது. அரசு ஊழியர்கள் பிரசாரத்தில் இறங்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. 'ஊர் முடிவு எடுத்தாச்சு, மாத்திப் போட்டா ஒதுக்கி வெச்சிருவோம்' என்ற பேச்சே வரக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆம் பிரிவில் அது முறைகேடு. நியாயப்படி பார்த்தாலும் தப்பு. நாம் காரணத்தைச் சொல்லலாம், ஓட்டு அவரவருடையது.

சங்கத்துக்குள் முடிவு எடுப்பதிலும் இதே நேர்மை வேண்டும். தலைவரும் செயலாளரும் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்து சால்வையோடு போய் நின்றால், உறுப்பினர்களே நம்ப மாட்டார்கள். பொதுக்குழுவில் எல்லாப் பதில்களையும் வாசித்து, கைதூக்கச் சொல்லி, எதிர்ப்பு எத்தனை என்பதையும் சேர்த்து வெளியிடலாம். ஒரு தொகுதியில் இரண்டு பேர் நல்ல பதில் தந்தால் இருவரையும் தகுதியானவர்கள் என்று சொல்லலாம். யாருமே தேறவில்லை என்றால் 'இந்தத் தொகுதியில் யாருக்கும் ஆதரவு இல்லை, காரணம் இவை' என்று அறிவிக்கலாம். பக்கத்துத் தொகுதியில் ஒரு கட்சிக்காரர், இந்தத் தொகுதியில் எதிர்க்கட்சிக்காரர் என்று வந்தாலும் வரட்டும். கட்சி பார்க்காமல் ஆளைப் பார்த்தோம் என்பதற்கு அதுவே சாட்சி.

முடிவு வந்த பிறகு ஜெயித்தவர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு அந்தத் தாளில் உள்ள குட்டைகளின் பேரை வாசித்துத் தீர்மானம் போட்டால், அது ஊராட்சிப் பதிவேட்டில் ஏறிவிடும். 2022 டிசம்பரில் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின்படி மாவட்ட அளவிலான பணிக்கு ஆட்சியர்தான் தலைவர். எம்.எல்.ஏ.வின் வாக்குறுதியையும் ஊர்த் தீர்மானத்தையும் சேர்த்து அவரிடம் மனுவாகக் கொடுக்கலாம். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடலாம். இரண்டாவது இடத்துக்கு வந்தவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். ஜெயித்தவர் அதை மறந்தால், முதல் ஆளாக எடுத்துப் படிக்கப்போகிறவர் அவர்தான்.